ஏழு இல்லை

“சின்னதா ஒண்ணு வாங்கிடுங்களேன் சார்.”

நேற்று மதியம் மூன்றே கால் மணிக்கு, வேலூர் பாகாயத்தில் என் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொன்னார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நல்ல மனிதர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கேட்டலாக்குக்காக நான் எடுத்திருந்த படத்தின் பக்கத்தில் ஒரு தோல் துண்டைப் பிடித்துக் காட்டி, “இது கோன்யாக் கலர் சார். ஸ்கிரீன்ல டேன் மாதிரி தெரியுது” என்றார். இதோ என்று ஸ்லைடரை ஒரு இழு இழுத்தேன். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. திரை விலகக் காத்திருக்கும் பக்தர்களைப் போல இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். தூக்கிப் பிடித்த தோல் துண்டை அவர் இறக்கவே இல்லை. அப்போதுதான் சொன்னார்.

வாங்கிடுங்களேன். என்னவோ கொத்தமல்லிக் கட்டு மாதிரி.

ஐயா, நான் ஐந்து வருடத்துக்கு மேலாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 மேக் மினி வந்தபோது முதல் தடவை வாங்கினேன், மனசால். பணத்தை எண்ணி வைத்த பிறகு, முதல் பதிப்பை யாராவது வாங்குவார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தானே என்று நிறுத்தினேன். 2022 மார்ச்சில் மேக் ஸ்டுடியோ வந்தது. நல்லவேளை, மினியை வாங்கவில்லை என்று மகிழ்ந்தேன். இந்திய விலை 1,89,900 என்று பார்த்ததும், நல்லவேளை இதையும் வாங்கவில்லை என்று இன்னும் அதிகமாக மகிழ்ந்தேன். 2023 ஜனவரியில் எம்2 மினி. 2024 அக்டோபர் கடைசியில் எம்4, ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், உயரம் இரண்டே அங்குலம். ஒவ்வொரு தடவையும் வாங்காமல் இருந்து நான் மிச்சம் பிடித்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், இந்நேரம் காட்பாடியில் அரை கிரவுண்டு வந்திருக்கும். உங்களுக்கும் வந்திருக்கும். நீங்களும் நல்லவர் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்கலாம் என்று கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

யாரையும் கேட்காமல் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நான் இருப்பது பாகாயம். காட்பாடியிலிருந்து வரும் ஒன்று, இரண்டு நம்பர் பஸ்கள் இங்கேதான் வந்து திரும்புகின்றன. அந்த பஸ்களில் பாதிப் பேர் மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வந்தவர்கள். எதற்கு? ஊரில் ஏற்கெனவே நாலு டாக்டர் சொல்லியாகிவிட்டது. இங்கே ஐந்தாவது அபிப்பிராயம் ஒன்று கேட்க. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி, நாடு முழுக்க அபிப்பிராயம் கேட்டு வரும் இடமாகிவிட்டது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவன் 60,000 ரூபாய்ச் சாமானை ஒரே அபிப்பிராயத்தில் வாங்குவானா?

அதுவரை பழைய டவர். பக்கத்துப் பலகையைக் கழற்றி மூன்று கோடை ஆகிறது. திறந்த வயிற்றுக்கு நேரே ஒரு டேபிள் ஃபேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும்போது அந்த ஃபேன் அதற்கா எனக்கா என்று எங்கள் இருவருக்கும் தகராறு வரும். அதுதான் ஜெயிக்கும், ஏனென்றால் அது நின்றால் என் சம்பாத்தியம் நிற்கும். உள்ளே ஒரு பல்லி குடியிருக்கிறது. ரெண்டரிங் ஓடும்போது வெளியே வந்து சுவரில் நின்றுகொண்டு, முடிந்ததும் திரும்பப் போகும். வேலை முடிந்துவிட்டதை நான் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

சின்ன டப்பாவுக்கும் சூட்டுக்கும் எப்போதும் ஆகாது. 2000-ல் ஆப்பிள் கியூப் என்று எட்டு அங்குலத்தில் ஒன்று கொண்டுவந்தது. ஃபேனே கிடையாது. மறு வருடமே நிறுத்திவிட்டார்கள். 2013-ல் குப்பைக்கூடை வடிவத்தில் மேக் ப்ரோ. சூட்டைச் சமாளிக்கும் விஷயத்தில் தாங்களே ஒரு மூலைக்குள் மாட்டிக்கொண்டதாக நாலு வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் எங்கள் மொட்டைமாடிக்குக் கீழே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் நாலு வருடம் ஆகியிருக்காது.

சரி, எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை என்று போகும், மொத்தம் ஏழு. கடைசி இரண்டு மூன்றை வீட்டில் சத்தமாகச் சொன்னால் சாப்பாடு கிடைக்காது. இதில் சாமி விஷயம் 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று நானே பார்த்தேன். (பாலாறு என்றதும் டேனரிக் கழிவு, அதைப் பற்றிய 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அது வேறு கட்டுரை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.) ஆக ஊர்க்கணக்கில் இரண்டு ‘இல்லை’ குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்த எம்4 மினி டப்பா வந்திருக்கிறது என்பது என் கட்சி. எண்ணிப் பாருங்கள்.

திரை இல்லை. ஒன்று.

கீபோர்டு இல்லை. இரண்டு. மவுஸ் இல்லை. மூன்று. இவ்விரண்டையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று என் மச்சான் சொல்கிறார். அவர் கல்யாணத்தில் மாலையையும் பூச்செண்டையும் நாங்கள் தனித்தனியாகத்தான் எண்ணினோம். ஒன்று சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் ஆப்பிள்காரர்கள் ஒளித்ததில்லை. 2005 ஜனவரியில் முதல் மினியை 499 டாலருக்கு அறிமுகப்படுத்தியபோதே, திரையும் கீபோர்டும் மவுஸும் உங்கள் பொறுப்பு என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பாத்திரம் பண்டம் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சபையில் சொல்லிவிடுகிற சம்பந்தி மாதிரி. கோபம் வரும், ஆனால் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது.

கேமரா கார்டு சொருக இடம் இல்லை. நாலு. பழைய அகல யுஎஸ்பித் துளை இல்லை. ஐந்து. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, எல்லாம் புது மோஸ்தர் சின்ன வாய். என்னிடமோ பேனா டேப்லெட், பிரிண்டர், பென்டிரைவ், இரண்டு ஹார்டு டிஸ்க், கலர் அளக்கும் கருவி எல்லாம் பழைய அகல வாய். எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு ஹப். ஹப்புக்கு ஒரு அடாப்டர். அடாப்டருக்கு ஒரு பிளக் பாயின்ட். பிளக் பாயின்ட்டுக்கு ஓர் எலக்ட்ரீஷியன். மாப்பிள்ளைக்கு ஐந்து அங்குல இடம் போதும். கூட வந்தவர்கள் மண்டபத்தையே பிடித்துக்கொண்டு, காபி வரவில்லை என்று வேறு சொல்வார்கள்.

திறந்து ரேம் போட வழி இல்லை. ஆறு. இதுதான் என்னை உண்மையிலேயே எரிய வைப்பது, விளையாட்டில்லை. பழைய டவரில் நாலு ஜிபியாக ஆரம்பித்து எட்டாக்கி, பதினாறாக்கி, கடைசியில் முப்பத்திரண்டு வரை கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பெனி பேமென்ட் வந்தபோது. தையல்காரர் குழந்தைச் சட்டையில் மடித்துத் தைத்துக் கொடுப்பாரே, வளர வளரப் பிரித்து விடலாம் என்று. இங்கே மடிப்பே கிடையாது. வாங்கும் அன்றைக்கே ஆயுசுக்கும் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். எம்4 வந்தபோது 16 ஜிபி ரேமும் 256 ஜிபி இடமும் 59,900. இடத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் 79,900. ரேமையும் 24 ஆக்கினால் 99,900. நான் ஒரு கலெக்‌ஷனுக்கு 60 ஷூ எடுக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஏழு கோணம். 420 படம். கேமராவிலிருந்து வரும் ஃபைல் ஒன்று 50 எம்பி, அதுவே 21 ஜிபி. போட்டோஷாப்பில் லேயர் போட்டு முடித்தால் ஒன்று 300 எம்பி, அது 126. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு சீசனுக்கு டப்பாவின் பாதி வயிறு நிரம்பிவிடுகிறது. பிப்ரவரி தொடக்கத்தில் சென்னைத் தோல் கண்காட்சி என்றால், பொங்கல் முடிந்த கையோடு எனக்கு நாலு கம்பெனி.

ஏழாவது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுவிட்ச் இல்லை. அடியில் வைத்திருக்கிறார்கள், பின்பக்க மூலையில். ஆன் செய்ய ஒவ்வொரு தடவையும் ஓரத்தைத் தூக்கிக் கீழே விரலை விட வேண்டும், கோழிக்குஞ்சைச் சேவலா பெட்டையா என்று தூக்கிப் பார்ப்பதுபோல. அணைக்கவே வேண்டாம், தூங்க விடுங்கள் என்கிறார்கள். எங்கள் தெருவில் அதை அணைப்பது நானா? மின்வாரியம் பார்த்துக்கொள்ளும்.

ஏழோடு நிறுத்தியிருக்க வேண்டும். கணக்கும் அழகாக இருந்திருக்கும். ஆனால் எட்டாவது ஒன்று உண்டு: பேஜ்மேக்கர் இல்லை. 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. உலகம் அதைப் புதைத்துப் பால் தெளித்துவிட்டது. ஆனால் இன்றும் மாதம் ஒருவராவது பத்து வருடம் முந்தைய கல்யாணப் பத்திரிகை ஃபைலை எடுத்து வந்து, “பேரை மட்டும் மாத்துங்க சார், தம்பிக்குக் கல்யாணம்” என்கிறார். உள்ளே இருப்பது யூனிகோடு பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய எழுத்துரு. அந்தப் பழைய டவரைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்த ஜீவன் எங்கள் தெருவில் இல்லை. மேக்கில் தமிழே வராது என்று ஒரு கடைப் பையன் என்னிடம் சாதித்தான். அது மட்டும் தப்பு. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் இருக்கிறது. தம்பி கல்யாணம்தான் இல்லை.

விண்டோஸ் பக்கமும் சின்ன டப்பாக்கள் உண்டே என்பீர்கள். உண்டு. திறந்தால் லேப்டாப் ரேம் போடலாம், டிஸ்க் மாற்றலாம். இன்டெல்லின் என்யுசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் படித்து, நாளைக்கு ஆர்டர் என்று இருந்தேன். 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு ஏசுஸ் கையில் கொடுத்தது. நான் வாங்க நினைத்ததால்தான் என்று வீட்டில் நம்புகிறார்கள்.

டப்பாவுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். எம்4 மினி சும்மா இருக்கும்போது தின்பது நாலு வாட். உயிரைக் கொடுத்து ஓடினாலும் அறுபத்தைந்து. கரண்ட் போனால் யுபிஎஸ் ‘கீ, கீ’ என்று கத்துவதற்குள் என் டவர் அதை உறிஞ்சி முடித்துவிடும். இதுவாக இருந்தால் ஃபைலை சேவ் செய்து, ஒரு டீ குடித்து, மின்வாரியத்தைத் திட்டிவிட்டு வந்து உட்காரலாம்.

எதை வாங்கலாம் என்று சொல்கிறேன் என்றேன். மறக்கவில்லை. அதற்கு முன் நேற்று நடந்ததை முடித்துவிடுகிறேன்.

நீல வட்டம் கடைசிவரை விடவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். அது எழுந்து வருவதற்குள் பொழுதுபோகாமல் அவர் தோல் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். என்னையும் கூப்பிட்டார். நாலு மணி வெளிச்சத்தில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் டியூப்லைட்டுக்குக் கீழே சிவந்து கோன்யாக்காக இருந்தது, அங்கே தெளிவாக டேன். டேனரியில் இதற்கென்றே கலர் மேட்சிங் கேபினட் வைத்திருப்பார்கள், பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்க. என்னிடம் இருப்பது ஒரு டியூப்லைட், அதுவும் ஓரம் கறுத்தது. “அட, உங்க ஸ்கிரீன்ல இருக்கறது கரெக்டுதான் சார்” என்றார். தப்பு டப்பாவிலும் இல்லை, டவரிலும் இல்லை. ஐந்து வருடம் நான் ஒப்பிட்டுப் பார்த்த அத்தனை மாடல்களில் டியூப்லைட் ஒன்றுகூட இல்லை.

போகும்போது படியில் திரும்பி நின்று, “இருந்தாலும் சின்னதா ஒண்ணு வாங்கிடுங்க சார்” என்றார்.

இன்று காலை மெக்கானிக் தம்பி வந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். “ஃபேன் போயிருக்குண்ணா, அதான் சூடாகி நிக்குது.” புது ஃபேன் 350 ரூபாய், கூலி 100. பல்லியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். பக்கத்துப் பலகையை மாட்டவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மெர்ச்சண்டைசர் வியாழக்கிழமை மறுபடி வருகிறார். இந்தத் தடவை அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன்.