பெரிய டிரைவர்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் உள்ள எந்தத் தெருவிலும் ஒரு டீக்கடை உண்டு. அந்தக் கடை பெஞ்சில் ஒரு பெரிய டிரைவரும் உண்டு. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் ஆள்தான் வேறு, பேச்சு ஒன்றுதான். வயது எழுபதை ஒட்டி இருக்கும். வண்டியை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகியும் வலது கை மட்டும் இடது கையைவிடக் கறுத்திருக்கும். ஜன்னல் பக்கத்துக் கை அது. சேலம் முதல் நாக்பூர் வரைக்குமான வெயில் அதில் தங்கிவிட்டது. பட்டறைப் பையன்களுக்கு அவர் மாமா. புது வண்டி ஓட்டுகிற பையன்களுக்கும் மாமா. ஓனர்களுக்கும் மாமாதான், அவர்களுடைய அப்பாக்களிடம் சம்பளம் வாங்கியவர் ஆயிற்றே.

புது லாரியைப் பற்றி மாமாவிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை. தெருவில் ஒன்று திரும்பினால் போதும், தானாக வரும்.

“ரெண்டு விரல்ல திருப்பறான் பாரு. இதென்ன வண்டியா, தையல் மெஷினா?”

அவர் பழகிய வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு வண்டியை நின்ற இடத்தில் திருப்புவதென்றால் சீட்டை விட்டுப் பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் வளையத்தின் மேல் சாய்க்க வேண்டும். கியரைக் குறைக்க டபுள் கிளட்ச்: ஒரு மிதி மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காலை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் உறுமவிட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். நேரம் இம்மி தப்பினாலும் கியர்பெட்டிக்குள் பல் கடிக்கும். பல் கடித்தால் ஸ்பேனர் பறக்கும். மாமா அடி வாங்கிக் கற்றவர். பிறகு அடித்துக் கற்றுக்கொடுத்தவர். இப்போதைய கியர் வெண்ணெயாக விழுவதால் ஒரு கிளீனருக்கும் அடி விழவில்லை என்பதில் அவருக்கு உள்ளபடியே வருத்தம்.

கிளீனராக அவர் ஏறியது எழுபதுகளின் தொடக்கத்தில். டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-ல் போட்ட கூட்டு 1969-ல் முடிந்துவிட்டது. ஆனால் மூன்று கால் நட்சத்திரம் வைத்த பழைய வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் மாமாவுக்கு டாட்டா என்பது இன்றைக்கும் பென்ஸ். எதிர்க்கட்சி லேலண்டு. 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டு ஆன கம்பெனி. மாமா லேலண்டு கட்சி. “டாட்டாக்காரன் மைலேஜப் பாப்பான், லேலண்டுக்காரன் மலையப் பாப்பான்” என்பார். இது எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்ள ஒரு டாட்டா கட்சி மாமாவிடம் கேட்க வேண்டும். அவர் அடுத்த டீக்கடையில் இருப்பார், இவரோடு பேச்சுவார்த்தை இல்லை. 2012-ல் அதே டைம்லர்காரர்கள் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் போடத் தொடங்கியபோது, “போனவன் வருவான்னு நாந்தான் அப்பவே சொன்னேன்” என்றார். எப்போது, யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமாவின் பேச்சில் நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருப்பது சேஸிஸ் ஓட்டி வந்த கதை. எண்ணூரில் லேலண்டு கம்பெனி அப்போது கொடுத்தது இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகரம். கேபின், கதவு, கூரை, கண்ணாடி எதுவும் இருக்காது. உட்காருவது ஒரு பலகைப் பெட்டி. முகத்தைத் துண்டால் மூடி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு நாமக்கல் வரைக்கும் 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவர வேண்டும். சாயங்காலமானால் பூச்சிகள் நெற்றியில் கல்லாக வந்து அடிக்கும். வாயைத் திறந்து பாடினால் இரவுச் சாப்பாடு மிச்சம். உளுந்தூர்பேட்டை பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கலாம்; ஒதுங்கினால் மற்ற சேஸிஸ்கள் முன்னால் போய்ப் பட்டறையில் இடம் பிடித்துவிடும். ஆகவே யாரும் ஒதுங்கமாட்டார்கள். நனைந்த துண்டைப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டு, தகரத்துக்குப் பின்னால் குனிந்தபடி ஓட்டுவார்கள். ஊர் வந்து இறங்கும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு முகத்தில் புழுதி. இதைச் சொல்லி முடித்ததும் மாமா முகத்தில் ஒரு பூரிப்பு வரும். பட்ட கஷ்டத்தை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். அந்தக் கஷ்டம் அடுத்தவனுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் புகார்.

அதனால்தான் 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற சட்டம் அவரை அப்படிப் புண்படுத்தியது. “ஏசியப் போட்டா தூங்கிப்போயிருவான் கண்ணு. எங்க காலத்துல இன்ஜினு கேபினுக்குள்ள, காலுக்குப் பக்கத்துல. அந்த பானெட் சூட்டுல எவன் தூங்குவான்?”

யாரும் தூங்கவில்லை என்றுதான் நாமும் நம்பத் தொடங்குவோம். ஆனால் இன்னொரு நாள், வேறொரு மனநிலையில், அதே மாமா ஏழாம் நம்பர் ரோட்டுப் புளியமரங்களைப் பற்றிப் பேசுவார். எந்த மரத்தில் எந்த ஊர் வண்டி, எந்த வருஷம், என்ன லோடு என்று மரம் மரமாகச் சொல்வார். எல்லாம் விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே நடந்தவை. (ஏழாம் நம்பர் 2010-ல் 44 ஆகிவிட்டது. புளியமரங்களும் போய்விட்டன. மாமாவிடம் இரண்டும் அப்படியே இருக்கின்றன.) தொப்பூர் கணவாயிலும் இதே கதைதான். “ஏறுன கியர்லயே எறங்கோணும், அதான் டிரைவர் தர்மம்” என்று காலையில் சொல்வார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிட்டு அடிவாரத்தில் பிரேக் புகைந்த கதையைச் சாயங்காலம் சொல்வார், அதுவும் சிரித்துக்கொண்டே.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை எதிர்த்துப் பேச நம்மிடம் சரக்கு இல்லை. பழைய வண்டி நின்றால் நின்ற இடத்திலேயே சரிசெய்யலாம். டீசல் டேங்க் ஒழுகினால் பார் சோப்பை இழைத்து அடைப்பார்கள். டீசலில் காற்று புகுந்தால் கைப்பம்பை அடித்து எடுப்பார்கள். செல்ஃப் எடுக்காத வண்டியை ராத்திரி இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் தள்ளி உசுப்புவார்கள். இன்றைக்கு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தால், என்ன கோளாறு என்று சொல்லவே ஒருவர் லேப்டாப்போடு வர வேண்டும். “நோய் என்னன்னு சொல்றதுக்கே பீஸு. வைத்தியம் அப்பறம்” என்கிறார் மாமா. இதில் மிகை ஒன்றும் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஏதோ ஒரு வெட்டவெளியில், லேப்டாப்புக்காக ராத்திரி முழுக்கக் காத்துக்கிடந்த எந்தப் பையனும் இந்த இடத்தில் மாமா பக்கம்தான்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தமாட்டார். நேரே யூரியாவுக்குப் போய்விடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் டீசலுக்கு ஒரு டேங்க், யூரியாக் கரைசலுக்கு ஒரு டேங்க். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்ற அது வேண்டும். அது தீர்ந்தால் இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாமாவுக்கு ஊரில் ஒண்ணரை ஏக்கர் சோளக்காடு இருக்கிறது. “காட்டுக்குப் போடறத வண்டிக்கு ஊத்தறான். சோளம் வெளையுமா, வாடகை வெளையுமா?” என்பார். கரும்புகை கக்கிப் போகும் பழைய வண்டியைக் கண்டால் மட்டும் கண் கனியும். “உசுரு இருக்குது பாரு” என்று இருமிக்கொண்டே சொல்வார்.

ஜிபிஎஸ்ஸை அவர் சபிப்பது வேறு தினுசு. அந்தக் காலத்தில் வண்டி புறப்பட்டால், வடக்கே போய்ச் சேர்ந்து டிரங்க்கால் வரும்வரை முதலாளிக்கு அது எங்கே என்று தெரியாது. இப்போது கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தினால் நாமக்கல்லில் போன் அடிக்கிறது. “என்ற சம்சாரமே இத்தன கேள்வி கேட்டதில்ல” என்பார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகள் ஒழிந்ததைக்கூட அவர் வரவேற்கவில்லை. வாளையாறில் வரிசை நின்ற நாட்களில்தான் சோறாக்கித் தின்றார்களாம், துணி துவைத்தார்களாம், நன்றாகத் தூங்கினார்களாம். மாமூல் எவ்வளவு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், ஒளிவுமறைவு கிடையாது என்று அதற்கும் ஒரு நற்சான்றிதழ் கொடுப்பார்.

இவ்வளவு சுலபமாகிவிட்ட வண்டியை ஓட்டத்தான் ஆள் இல்லை. டிரைவர் கிடைக்காமல் லாரிகள் பேட்டையில் நிற்கின்றன. லாரி ஓட்டுகிற பையனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. மாமாவே தன் மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்து, பேத்திக்கு ஐடி மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார். “சின்னப்பய ஓட்டுற வண்டி” என்று அவர் சொல்லும் வண்டிக்குச் சின்னப் பையன்கள் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே வேறு வழியில்லாத ஒரு ஓனர் டீக்கடைக்கே வந்து கேட்டார். “மாமா, நாக்பூர் ஒரு நடை. ஏசி வண்டி. நீங்க சும்மா உக்காந்து புடிச்சுட்டுப் போனாப் போதும்.”

மாமா பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே லைசென்ஸ். ஹெவி, சரியாகப் புதுப்பிக்கப்பட்டது, இன்னும் காலாவதி ஆகவில்லை. வண்டியை விட்டு இறங்கிய மனிதர் எதற்காக ஆர்டிஓ ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தார் என்று பெஞ்சில் இருந்த யாருக்கும் தெரியாது.

“கிளீனர் வேணும்” என்றார்.

“இப்ப யாரு மாமா கிளீனர் வெச்சிருக்கறாங்க?”

“திம்பம் மாதிரி ஒரு மலை, இருவத்தேழு வளைவு. நடுவால நின்னுபோனா சக்கரத்துக்குக் கட்ட போடறது யாரு?”

“கட்டையே வேண்டாம் மாமா. ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்ல புடிச்சுக்கும். ஏர் எறங்கிப்போனாக்கூடத் தானாவே புடிச்சுக்கும்.”

மாமா டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

“செரி, புடிச்சுக்கும். அப்பறம் விடமாட்டேன்னு அடம் புடிச்சா? விடச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமா வேண்டாமா?”

ஓனர் கிளீனர் தேடப் போயிருக்கிறார்.