வீட்டு விமானத்தைப் பறக்கவிடாமல் வைத்திருப்பது எப்படி?

நாமகிரிப்பேட்டையில் ஒருவர் வீட்டில் விமானம் கட்ட ஆரம்பித்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து ஒரே கேள்விதான்: "ஏனுங்க, எப்பங்க பறக்கும்?" இதற்குத் தேதி சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் தரைச் சோதனை. முறையாகச் செய்தால் ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். உயிரும் மிஞ்சும்.

நமக்கு இதெல்லாம் ஆகுமா என்று தயங்க வேண்டாம். 1910-இல் சென்னையில் விமானம் கட்டிய டி'ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். கட்டிக் கொடுத்த சிம்சன் கம்பெனிக்கு அன்றைய தொழில் வண்டிக்குக் கூடு கட்டுவது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு மூத்த பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டி'ஏஞ்சலிஸே பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தீவுத்திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார். முதலில் பல்லாவரம், அப்புறம் டிக்கெட்.

இடத்துக்கும் கவலையில்லை. மும்பை காந்திவலியில் பைலட் அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016-இல் கண்காட்சியில் வைத்தார், 2017-இல் பதிவு கிடைத்தது, பறக்க அனுமதி வந்தது 2019-இல். உங்களிடமோ மஞ்சள் காயப்போடும் களம் சும்மா கிடக்கிறது.

முதலில் இறக்கை. மண் மூட்டையை ஏற்றித்தான் பார்க்க வேண்டும், ஆனால் விமானத்தைக் குப்புறப் போட்டு. காற்று இறக்கையை மேலே தள்ளும், மூட்டை கீழேதான் அழுத்தும். அதனால் விமானம்தான் புரள வேண்டும். மொத்த எடை 450 கிலோ என்றால், சாதாரண ரக விமானத்துக்குரிய 3.8 மடங்கில் 1,710 கிலோ வரும். ஜவ்வரிசி மூட்டைக் கணக்கில், மூட்டை 90 கிலோ வீதம், கச்சிதமாகப் பத்தொன்பது. (இறக்கையின் சொந்த எடையைக் கழிக்கும் நுணுக்கக் கணக்கு தனி.) பத்தொன்பதையும் அப்படியே அடுக்கிவிடாதீர்கள். பாரம் உடலை ஒட்டி அதிகமாகவும் நுனிக்குப் போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பத்துப் பத்து கிலோ மண் பைதான் தோது. மஞ்சள் மூட்டை வேண்டவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஏலத்தில் விரலிக்கு விலை ஏறினால், சோதனை நடுவிலேயே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பையை இறக்கியதும் இறக்கை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நுனிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, பை ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் கோடு போட்டுப் பாருங்கள். கோடு இரண்டானால் பட்டறைக்குத் திரும்புங்கள். அதற்கு மேலும் ஒன்றரை மடங்கு ஏற்றி மூன்று வினாடி தாங்க வைப்பது பெரிய கம்பெனிகளின் வேலை. போயிங் 777-இன் இறக்கையை 1995-இல் வேண்டுமென்றே வளைத்து, 154 விழுக்காட்டில் ஒடித்தார்கள். அவர்களிடம் வேறு இறக்கை இருந்தது.

அடுத்தது எடை. லாரி எடைமேடைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்து கிலோவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசு மூன்று இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வையுங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சக்கரங்கள் 200, 204, மூக்குச் சக்கரம் 46 காட்டுகிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடைத்தூரம் ஒன்றரை மீட்டர் என்றால், எடை மையம் பின்சக்கரங்களுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. வரைபடத்தில் போட்ட எல்லைக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். மூக்கு கனத்தால் விமானம் எழும்ப அடம்பிடிக்கும். வால் கனத்தால் எழும்பிவிடும், அதுதான் ஆபத்து; பிறகு மூக்கைக் கீழே கொண்டுவர முடியாது. மச்சான் பின்னால் வைத்த டிபன் கேரியரையும் சேர்த்தே நிறுங்கள்.

எஞ்சினை முடுக்குமுன் பெட்ரோல் வரத்து. மூக்கை ஏறுகிற கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் குழாயைக் கழற்றி, லிட்டர் கேனில் பிடியுங்கள். முழு வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு, தொட்டியிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோல் அதில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு அரை லிட்டர். சமதரையில் நன்றாக வரும் பெட்ரோல் மூக்கு தூக்கியதும் சொட்டுச் சொட்டாவதைக் களத்திலேயே பார்த்துவிடுவது புண்ணியம். பிறகு களத்தைப் பெருக்குங்கள். கிடக்கும் ஒரு விரலி மஞ்சள் போதும், புரொப்பல்லரைப் பதம் பார்க்க. வாலைப் புளியமரத்தில் கட்டுங்கள், நடுவில் பெரிய ஸ்பிரிங் தராசு. எஞ்சினை முடுக்கினால் எத்தனை கிலோ இழுக்கிறது என்று அதுவே சொல்லும். வேடிக்கை பார்ப்பவர்களைப் புரொப்பல்லருக்கு நேர் பக்கவாட்டில் நிற்க விடாதீர்கள்.

கட்டுப்பாட்டுத் தண்டுக்கு ஒரு கட்டைவிரல் வைத்தியம். தண்டின் தலையைப் பிடித்து, கட்டைவிரலை நிமிர்த்தி, தண்டை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்க இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு மேலே எழ வேண்டும். சிரிக்காதீர்கள். 2001-இல் பிராங்பர்ட்டில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஒன்று கேப்டன் பக்கத்துக் கம்பிகள் மாறிப்போய்ப் புறப்பட்டு, இறக்கை நுனி தரையைத் தொடப் பார்த்தது. துணை விமானி தன் பக்கத்துத் தண்டால் காப்பாற்றினார். மடிப்பு அசைகிறதா என்று பார்த்தவர்கள் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை.

கடைசியில் தரையோட்டம். நடக்கிற வேகத்தில் ஆரம்பித்து, பிரேக் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். எழும்பும் வேகத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்துங்கள். 1947 நவம்பர் 2-ஆம் தேதி ஹோவர்ட் ஹியூஸ் தன் ராட்சத மரவிமானத்தை லாங் பீச் துறைமுகத்தில் தண்ணீர்மேல் ஓட்டிப் பார்ப்பதாக மட்டும்தான் கிளப்பினார். அது எழுபது அடி உயரத்தில் ஒரு மைல் பறந்துவிட்டது. அப்புறம் பறக்கவே இல்லை. அவருக்குத் துறைமுகமே இருந்தது, உங்களுக்குக் களம் முடிகிற இடத்தில் மரவள்ளிக்காடு.

இவ்வளவும் தேறினால், அனுமதிக் காகிதங்களோடு ஓடுபாதை தேடிப் போக வேண்டும். தொடுபுழா சஜி தாமஸ் 2014-இல் தன் சிறுவிமானத்தை மணிமுத்தாறு வரை கொண்டுவந்துதான் பறக்கவிட்டார். நீங்களும் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, அங்கே போய்த் திரும்ப மாட்டுவீர்கள். மாட்டினால் கம்பி, போல்ட், கட்டைவிரல், எடை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மண்டித் தராசை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லைதானே?