ஒரு பரலோகவாசியின் விக்ஞாபனம்

மகாகனம் பொருந்திய ஐக்கிய அமெரிக்க விவசாய மந்திரி அவர்கள் சமூகத்துக்கு, டெக்ஸாஸ் மாநிலம் வார்ட்டன் கவுண்டியில் நெடுங்காலம் நெல் பயிரிட்டு, பின்பு அங்கேயே ஆறடி நிலத்துக்கு மட்டும் பாத்தியதையுடையவனாகிவிட்ட அடியேன் அனேக வந்தனத்துடன் செய்துகொள்ளும் விக்ஞாபனம்.

1999 முதல் 2005 வரையில், காலகதியடைந்த 1,72,801 பேர் பெயரில் தங்கள் இலாகா 110 கோடி டாலர் மானியம் பட்டுவாடா செய்ததென்றும், அதில் நூற்றுக்கு 40 பங்கு, இறந்து மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஆனவர்கள் கணக்கில் சேர்ந்ததென்றும் காங்கிரஸ் சபையின் தணிக்கை அலுவலகம் 2007-ல் வெளியிட்ட அறிக்கையைக் கண்டு பலர் கூக்குரலிட்டார்கள். அவர்கள் உயிரோடிருப்பவர்கள், பக்ஷபாதம் இயற்கைதானே. இறந்தவனுடைய எஸ்டேட்டை இரண்டு வருஷத்துக்கு மேலும் முடிக்காமல் வைத்திருந்தால், அது மானியத்தை உத்தேசித்துத்தானா என்று கவுண்டி ஆபீஸ் விசாரிக்க வேண்டுமென்பது விதி. நித்திரையிலிருப்பவர்களை எழுப்பலாகாதென்ற மரியாதையினால் பல ஆபீசர்கள் அந்த விசாரணையைத் தவிர்த்தார்கள்.

மானியம் பெறுகிறவன் சாகுபடியில் மெய்யாக ஈடுபட்டிருக்க வேண்டுமென்று 1987-ன் சட்டம் சொல்வது வாஸ்தவமே. ஆனால் அதற்கு உடலுழைப்புத்தான் வேண்டுமென்பதில்லை, நிர்வாகமும் போதும். பட்டணத்திலிருந்தபடியே தொலைபேசியில் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு அதை நிர்வாகமென்று எழுதிக் கொடுக்கும் பங்காளிகளைப் பார்க்கிலும், தப்பான யோசனை ஒன்றுமே சொல்லாத எங்கள் நிர்வாகம் எவ்விதத்தில் தாழ்ந்தது?

மேலும், தாங்கள் கொடுத்ததெல்லாம் பயிருக்கா, பத்திரத்துக்கா? 2002-ன் சட்டப்படி, விதைத்தாலும் விதைக்காவிட்டாலும், பழைய ஏக்கர் கணக்கையும் அதைவிடப் பழைய மகசூல் கணக்கையும் பெருக்கி, நூறு பவுண்டு நெல்லுக்கு 2.35 டாலர் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் எங்கள் கவுண்டியிலுள்ள எல் காம்போ ஊர்ப் பக்கத்தில் நெல்வயல்கள் பத்து ஏக்கர் மனைகளாகி, வீடு கட்டிக் குடியேறியவர்கள் குதிரைக்குப் புல் வளர்த்துக்கொண்டே நெல் மானியம் வாங்கினார்கள். விவசாயமே செய்யாதவர்களுக்கு இப்படி 2000 முதல் 130 கோடி டாலர் போயிற்றென்று 2006-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' எழுதியது. பயிரில்லாமலே பணம் வருமென்று தெரிந்த நிலச்சொந்தக்காரர்கள் குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். உழுதவன் போனான், மானியம் போகவில்லை. இந்த ஒன்றைத்தான் அடியேன் மண்ணுக்கடியிலிருந்தும் ஜீரணித்துக்கொள்ள முடியவில்லை.

2014-ல் அந்த நேரடிப் பட்டுவாடாவை ரத்து செய்தீர்கள் என்று கேட்டு எங்கள் மயானத்தில் துக்கம் அனுஷ்டித்தோம். பிற்பாடுதான் தெரிந்தது: விலை விழுந்தால் கொடுப்பதென்ற புதிய ஏற்பாடும் அதே பழைய ஏக்கர் கணக்கின் மேலேயே நடக்கிறது. 2018-ல் அண்ணன் தம்பி பிள்ளைகளையும், சிற்றப்பன் மாமன் மக்களையும் பண்ணைக் குடும்பத்தில் சேர்த்து, தலைக்கு 1,25,000 டாலர் வரம்பை வாங்குவதற்குத் தலைகளைப் பெருக்கிக் கொடுத்த தயாளத்தை என்னவென்று சொல்வது! பந்துக்களுக்கு இரங்கியவர்கள் பிதிர்க்களுக்கு இரங்கலாகாதா?

ஆகவே எங்கள் பிரார்த்தனை இது. கவுண்டிதோறும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று இருக்கிறதல்லவா? அதில் மரித்தோருக்கென ஒரு ஸ்தானம் ஒதுக்க வேண்டும். படிச்செலவு கேட்க மாட்டோம். கூட்டம் முடியுமுன் எழுந்து போகவும் மாட்டோம். எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்துப் பேச மாட்டோமென்று இதன் மூலம் உறுதி கூறுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பேரேட்டில் இன்னும் ஜீவித்திருக்கும்
அடியேன்