திமிங்கிலம் அசைஞ்சிட்டாம்

எங்கள் கற்பிட்டிக் கடலில் திமிங்கிலம் பார்க்கிற சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும். என் மருமகனுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சீசன். அவன் பார்ப்பது பிட்கொயின் திமிங்கிலம். ஆயிரக்கணக்கில் கொயின் வைத்திருக்கும் பெரும்புள்ளிகளைத்தான் அந்த உலகத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாலட் என்ற மின்பணப்பை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொயினை மாற்றினால் போதும், ‘வேல் எலர்ட்’ என்ற கணக்கு சிவப்பு சைரன் படங்களை வரிசையாகப் போட்டு உலகத்துக்கே சொல்லிவிடும். பிட்கொயின் கணக்கேடு ஊரறியத் திறந்து கிடக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்று யாரும் பார்க்கலாம். யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்பதுதான் தெரியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பை மருமகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

கொயினை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்குள் போனால், “விக்கப் போறான் மாமா.” வெளியே வந்தால், “சேத்து வைக்கிறான் மாமா.” ஊர்பேர் தெரியாத வாலட்டுக்குப் போனால், “அதுதான் மாமா பயமா இருக்கு.” எக்ஸ்சேஞ்சே தன்னிடமுள்ள கொயினை இடம் மாற்றுவதும் உண்டு. 2018 டிசம்பரில் கொயின்பேஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் சுமார் 500 கோடி டொலர் பெறுமதியான கொயின்களைப் பழைய சேமிப்பிலிருந்து புதிய சேமிப்புக்கு மாற்றியது. ஒருவரும் எதையும் விற்கவில்லை.

இப்படி ஊகித்துப் பயப்படுவது நம் பக்கத்துக்குப் புதிதுமில்லை. பெரிய வியாபாரியின் லொறி இரண்டு நாள் தோட்டப் பக்கம் வராவிட்டால், விலை விழப்போகிறது என்று முற்றாத வெங்காயத்தைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. வியாபாரி மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருப்பார்.

2020 மே மாதம் நடந்தது இதைவிட அழகு. 2009 பெப்ரவரியில், அதாவது பிட்கொயின் பிறந்த அடுத்த மாதம் உண்டான 50 கொயின் திடீரென்று அசைந்தது. வெறும் 50. பிட்கொயினை உருவாக்கி, பிறகு ஆள் அட்ரஸ் இல்லாமல் போன சதோஷி நகமோட்டோதான் எழும்பிவிட்டார் என்று உலகம் பதறியது. விலையும் அன்றே சறுக்கியது. அவரிடம் ஏறக்குறைய 10 லட்சம் கொயின் தூங்குவதாக ஒரு கணக்கு உண்டு, பயம் அதனால்தான். மருமகன் வாசலில் நின்று, “சதோஷி இறக்குறானாம்!” என்று கத்த, என் மனைவி சதொசக் கடையில் அரிசி இறக்குகிறார்கள் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரே புத்தியுள்ள முதலீட்டு முயற்சி அது.

2024இல் ஜேர்மனியின் முறை. திருட்டுப் படம் காட்டிய இணையத்தளம் ஒன்றின் வழக்கில் கைக்கு வந்த சுமார் 50,000 கொயினை, சாக்சனி மாநிலம் ஜூன், ஜூலையில் சுமார் மூன்று வாரத்தில் விற்றுத் தள்ளியது. விலை 55,000 டொலருக்குக் கீழே போனது. மருமகனும் பயந்து தன்னுடையதை விற்றான். டிசம்பரில் அதே கொயின் ஒரு லட்சம் டொலரைத் தாண்டியது. கெட்டித்தனத்தில் ஜேர்மனியும் எங்கள் குடும்பமும் சரிசமம்.

பயந்தது போலப் பூதம் வந்தது 2025 ஜூலையில். 2011இலிருந்து 14 வருடம் அசையாத எட்டு வாலட்டுகள், தலைக்கு 10,000 என்று ஒரே நாளில் அசைந்தன. ஒரு கொயின் நாலு டொலர்கூடப் பெறாத காலத்தில் உள்ளே போனவை அவை. இந்தத் தடவை விற்பனையும் உண்மை. கெலக்ஸி டிஜிட்டல் என்ற நிறுவனம் ஒரு வாடிக்கையாளருக்காக 80,000க்கும் மேல் கொயினை, 900 கோடி டொலருக்கு அதிகமான பெறுமதிக்கு விற்றுக் கொடுத்தது. விலை கொஞ்சம் தள்ளாடிவிட்டு நிமிர்ந்துகொண்டது. 50 கொயினுக்கு மூச்சடைத்த சந்தை 80,000த்தை விழுங்கி ஏப்பம் விட்டது. மருமகனுக்கு இதில் பெரிய ஏமாற்றம். உலகம் அழியும் என்று நாள் குறித்தவன் அடுத்த நாள் காலையில் பல் விளக்குவது எவ்வளவு சங்கடம்!

சீசனில் அவன் ஆலங்குடாவிலிருந்து சுற்றுலாப் படகில் உதவிக்குப் போவான். ஒரு நாள் நானும் ஏறினேன். ஆழக்கடலில் படகோட்டி இஞ்சினை நிறுத்தினார். முன்னால் தலை பெருத்த திமிங்கிலம் ஒன்று. அந்த இனத்துக்கே உரிய மாதிரி இடப்பக்கம் சாய்ந்து பீறியது மூச்சு. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி “ஓ!” என்று எழும்ப, படகு ஆடியது. மருமகன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, பெரிய திமிங்கிலம் ஒண்டு அசையுது!” “எங்கடா?” “பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சுல.” அவன் நிமிர்வதற்குள் வால் உயர்ந்து, நீர் வழிய உள்ளே இறங்கிவிட்டது. இனி முக்கால் மணித்தியாலத்துக்கு மேலே வராது.

அது ஏன் வந்தது, எங்கே போகிறது என்று அந்தப் பெண் கேட்டாள். ஓட்டிக்கு இந்தத் தொழில் பரம்பரை. “மூச்சு விட வந்துச்சு. விட்டுட்டுப் போகுது” என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. அந்த மனிதரைக் கொயின் சந்தையில் யாரும் நிபுணராக வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பும் வழியில், இவ்வளவு கவலைப்படுகிறாயே, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். இலங்கை மத்திய வங்கி 2018இலிருந்தே எச்சரித்துக்கொண்டிருக்கிற விஷயம். தாய்மாமன் கேட்க வேண்டாமா? அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: ஒரு கொயினில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதையும் அடுத்த வாரம் வேறு வாலட்டுக்கு மாற்றப் போகிறானாம்.

“ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க மாமா. மார்க்கெட் விழுந்திரும்.”