சுத்திப் போட்டும் நிக்காத சுத்தல்

வா மாப்ளே, மெதுவா உக்காரு. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். ஆடுறது நாற்காலியா நீயான்னு உனக்கே சந்தேகம் வந்துடப் போவுது. பசியாறிட்டியா?

ஆறு மாசமா தலை சுத்துதுன்னு சுங்கை பட்டாணியில ஒரு கிளினிக் பாக்கி இல்லாம நீயும் சுத்திட்டே. உன் மாமியா சும்மா இருப்பாங்களா? உப்பு மொளகாயில மூணு சுத்து, எலுமிச்சம்பழத்துல மூணு சுத்து. சுத்துற தலைய இன்னும் ஆறு சுத்து சுத்தினா அது எப்படிய்யா நிக்கும்? பக்கத்து வீட்டுக்காரன் பித்தம்னான், இஞ்சிச் சாறு குடிச்சே. மச்சான் கழுத்தெலும்பு தேஞ்சிருச்சுன்னான், பட்டை வாங்கி மாட்டினே. அதோட மோட்டார்ல பீடோங் பக்கம் போனியே, பெருமாள் மாட்டுக்கு ஹெல்மெட் போட்ட மாதிரி அம்சமா இருந்துச்சு.

அந்த மைலோ டின்னைக் கொட்டு பாப்போம். எட்டு விதம் மாத்திரை. எது எதுக்கு? தெரியாது. இந்தா, இது ஸ்டெமெட்டில். குமட்டலை அடக்கும், ரெண்டு மூணு நாளைக்கு நல்லதுதான். மாசக்கணக்கா முழுங்கினா மூளை தானா நிதானம் பழகிக்கிறதையே கெடுத்துப்புடும். என் வயசுக்காரனுக்கு கை நடுக்கமும் வரலாம்.

டாக்டரைக் குத்தம் சொல்றியே, நீ அவருகிட்ட என்ன சொன்னே? “கெபாலா பெனிங்.” அம்புட்டுத்தான். மலாய்ல தலைவலிக்கும் பெனிங்குறாங்க, கிறுகிறுப்புக்கும் பெனிங்குறாங்க. அவர் பனடோல் எழுதிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். வீடே சுத்தினா ஒரு வியாதி, நடக்கையில ஒரு பக்கமாத் தள்ளினா வேற வியாதி. எந்திரிச்சதும் கண்ணு இருட்டினா பிரஷர் மாத்திரை கூடிப் போயிருக்கலாம், படுக்க வச்சும் நிக்க வச்சும் பிரஷர் பாக்கணும். இத்தனையையும் ஒரே மூட்டையா கட்டி பெனிங்னு வித்துட்டு வந்திருக்கே.

நேத்து ராத்திரி இங்க படுத்தியே, நான் தூங்கல. வலப்பக்கம் புரண்டே. குவாலா கெடாவுலேருந்து லங்காவி படகுல போறவன் மாதிரி கட்டில் சட்டத்தைப் புடிச்சே. நான் கடிகாரத்தைப் பாத்தேன், 25 செகண்ட். அப்புறம் அடங்கிட்டே. இடப்பக்கம் புரண்டப்போ ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துல இதை நீ ஒருத்தர்கிட்டயாச்சும் சொன்னியா?

நான் டாக்டர் இல்ல, ரப்பர் பால் வெட்டினவன். ஆனா போன வருஷம் எனக்கும் இதே கூத்து. உள்காதுல மூணு வளைஞ்ச குழாய், அதுக்குள்ள தண்ணி. காண்டா கம்புல பால் வாளி தூக்கிட்டு வந்து சட்டுனு நின்னா, ஆளு நின்னப்புறமும் பால் உள்ள ஆடுதுல்ல, அதே கதைதான். இதுல பக்கத்து அறையில இருக்குற சுண்ணாம்புத் துணுக்கு, நம்ம கெரியாங் மலைக் கல்லும் அதுவும் ஒரே ஜாதி, கழண்டு குழாய்க்குள்ள போயிடும். புரண்டு படுக்குறப்போ அது உருளும், ஊரே உருளும். ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடும்.

அப்ப என்னைப் பாத்த டாக்டரம்மா என் தலைய ஒரு பக்கமாத் திருப்பி, படார்னு மல்லாக்கச் சாச்சு, கண்ணை மட்டும் பாத்தாங்க. கண்ணுமணி பசார் கூடையில இறால் துள்ளுற மாதிரி துள்ளுச்சாம். அப்புறம் தலைய இப்படித் திருப்பு, அப்படிப் புரளு, ஒவ்வொரு நிலையிலயும் அரை நிமிஷத்துக்கு மேல. கல்லு வந்த வழியே திரும்பிடுச்சு. மாத்திரையே இல்ல! எப்ளீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கண்டுபுடிச்சது. 1980லயே செஞ்சு காட்டியும் கட்டுரையா அச்சேற 1992 ஆச்சாம். டாக்டர் சொன்னதை டாக்டர்களே நம்ப 12 வருஷம். உன் ஆறு மாசம் எம்மாத்திரம்?

அதுக்காக எல்லாமே கல்லுன்னு நெனைச்சுக்காதே. இருபது நிமிஷம், மணிக்கணக்குன்னு சுத்தி, காதுல இரைச்சல், அடைப்பு, கேக்குறதும் மட்டாச்சுன்னா அது மெனியேர் வியாதி. மெனியேர்ங்கிறவர் பாரிஸ் டாக்டர். 1861ல அவர் சொல்றவரைக்கும், இந்தச் சுத்தலை மூளைக்கு ரத்தம் ஏறிடுச்சுன்னு நெனைச்சு ரத்தத்தை இறக்கிக்கிட்டு இருந்தாங்களாம். இங்க ரப்பர் கன்னு வந்ததே 1877லதான், பாத்துக்க. வியன்னாவுல பாரானின்னு ஒருத்தர் காது கழுவுறப்போ, தண்ணி குளுந்து போச்சு, தலை சுத்துதுன்னு நோயாளி கத்தினதை ஒதுக்காம விசாரிச்சார். குளுந்த தண்ணிக்கு ஒரு பக்கம் ஓடின கண்ணு, சுடுதண்ணி ஊத்தினா எதிர்ப்பக்கம் ஓடுச்சு. 1914க்கான நோபல் அதுக்குத்தான். சேதி வந்தப்போ மனுஷன் ரஷ்யாக்காரன் முகாம்ல கைதி. நோயாளி உருப்படியா ஒரு வார்த்தை சொன்னான், டாக்டர் காது குடுத்துக் கேட்டார். நீ உருப்படியா சொன்னியா?

ஒரு காகிதம் எடு. எப்ப வருது, எந்தப் பக்கம் புரண்டா, எத்தனை செகண்ட், காது இரையுதா, என்ன மாத்திரை, எழுது. அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி. கடிதம் குடுத்தா அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவு. கழுத்துப் பட்டை எவ்வளவு? அறுபது? நல்ல வேளை, தங்கத்துல வாங்கலை.

சிரிப்பை விட்டுட்டு ஒண்ணு கேட்டுக்க. சுத்தலோட வாய் குழறினா, முகம் ஒரு பக்கம் இழுத்தா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சா, நிக்கவே முடியலைன்னா, திடீர்னு மண்டை பொளந்தா, காகிதமும் வேணாம் கடிதமும் வேணாம். 999. அது மூளைக்குப் போற ரத்தம் அடைபட்ட கேசா இருக்கலாம்.

நாளைக்கே ஓடிடாதே, நாளைக்கு வெள்ளிக்கிழமை, கெடாவுல வெள்ளி சனி ரெண்டு நாளும் அரசாங்க கிளினிக் பூட்டு. ஞாயித்துக்கிழமை 7 மணிக்கு நான் வர்றேன், என் காடியிலயே போவோம். மோட்டார் சாவிய இங்க வை. காது குத்துனப்போ தாய்மாமன் மடின்னு ஏறி உக்காந்து, ஆசாரி கிட்ட வந்ததும் என் பட்டு வேட்டிய நனைச்சவன் நீ. இப்ப உள்காது. டாக்டர் உன்னைப் படார்னு சாய்க்கிறப்போ கையப் புடிச்சுக்கிறேன். வேட்டி வேணாம், இந்தத் தடவை காற்சட்டையிலேயே வர்றேன்.