விளக்குக் கம்ப விசாரம்

விடை காணாத வினாக்கள் உலகத்தில் எத்தனையோ இருக்க, கேட்டவர்களே மறந்துவிட்ட ஒரு வினாவுக்கு விடையாக முழுப் புத்தகமே எழுந்த அதிசயத்தைச் சாஸ்திரீயமாக விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சி. எஸ். லூயிஸ் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நார்னியா என்னும் கற்பனை உலகைப் பற்றிய வரிசையின் முதல் நூலில், லூசி என்னும் சிறுமி ஓர் அலமாரிக்குள் புகுந்து, தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு அப்பால் சென்று, பனி மூடிய கானகத்தின் நடுவே தெருவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கக் காண்கிறாள். தெருவே இல்லாத இடத்தில் தெருவிளக்கு எதற்கு என்று அவள் வியக்கத்தான் செய்கிறாள்; ஆனால் குடையும் பொட்டலங்களுமாக ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் எதிரே வந்து நிற்கவே, விளக்கை மறந்துவிடுகிறாள். அவளோடு சேர்ந்து நாமும் மறந்தோம். மறவாதிருந்தவர் ஆசிரியர் ஒருவரே.

1955-இல், வரிசையில் ஆறாவதாக வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்ற நூலில் அந்தக் கம்பத்தின் பூர்வோத்தரம் சொல்லப்படுகிறது. ஷெர்லக் ஹோம்ஸ் பேக்கர் தெருவில் குடியிருந்த காலத்து லண்டனில், ஜேடிஸ் என்னும் சூனியக்காரி தெருவிளக்கு ஒன்றின் இரும்புச் சட்டத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள். டிகரி என்ற சிறுவனோடும் அவனுடைய தோழி பாலியோடும் அப்போதுதான் சிருஷ்டியாகிக்கொண்டிருந்த நார்னியாவில் வந்து விழுகிறாள். பாடிப் பாடியே உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்த அஸ்லன் என்னும் சிங்கத்தின் நெற்றியைக் குறிவைத்து அதை வீசுகிறாள். சிங்கத்துக்கு ஒன்றும் நேரவில்லை. புல்லில் விழுந்த இரும்போ வேர்பிடித்து, சற்று நேரத்தில் சுமார் 3 அடி உயரமுள்ள விளக்குக் கன்றாக, எரியும் சுடருடனேயே தலையெடுக்கிறது.

இங்கே விருக்ஷ சாஸ்திரிகள் ஆக்ஷேபம் எழுப்பக்கூடும். முருங்கைப் போத்தை நட்டால் முருங்கை முளைப்பது உலக வழக்கமேயாயினும், போத்து என்பது மரத்தின் உயிருள்ள அங்கம்; சூனியக்காரி பிடுங்கியதோ, விளக்கேற்றுகிறவன் ஏணி சாத்துவதற்கென்று அமைந்த வெறும் குறுக்குச் சட்டம். திரியும் கண்ணாடியும் இல்லாத ஒரு துண்டிலிருந்து சுடரோடு கூடிய முழு விளக்கு எவ்வாறு உற்பத்தியாயிற்று? லண்டன் விளக்குக்குப் பூமிக்கடியில் வாயுக்குழாய் உண்டு. நார்னியாவில் பூமியே அன்று காலைதான் உண்டாயிற்று என்னும்போது குழாய்க்கு எங்கே போவது?

இதற்குச் சமாதானம் அந்நூலிலேயே இருக்கிறது. சிருஷ்டி கீதம் காற்றிலும் மண்ணிலும் அடங்காமல் நின்ற அந்த ஆரம்ப நேரத்தில் எதை ஊன்றினாலும் முளைத்தது. பிள்ளைகள் ஒன்பது மிட்டாயில் எட்டைத் தின்றுவிட்டு ஒன்பதாவதைப் புதைக்க, மறுநாட்காலை அவ்விடத்தில் மிட்டாய் மரமே காய்த்து நிற்கிறது. டிகரியின் தாய்மாமன் ஆண்ட்ரூவின் சட்டைப்பையிலிருந்து உதிர்ந்த நாணயங்கள் பொன்மரமும் வெள்ளிமரமுமாக வளர்கின்றன. மாமா அதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்: பழைய ரயில் எஞ்சின்களையும் போர்க்கப்பல்களையும் துண்டு துண்டாகக் கொண்டுவந்து புதைத்தால், புத்தம் புதிதாக முளைப்பவற்றை இங்கிலாந்தில் முழு விலைக்கு விற்கலாமே! சிருஷ்டியை நேரில் கண்டும் லாபத்தை மட்டுமே கண்ட அந்த மகானுபாவரை, மிருகமா மரமா என்று நிச்சயிக்க மாட்டாத பிராணிகள் கடைசியில் மரமென்றே முடிவுகட்டிக் குழியில் நட்டன. யானை தும்பிக்கையால் தண்ணீரும் ஊற்றிற்று. இரும்பு முளைத்த மண்ணில், மிட்டாய் முளைத்த மண்ணில், மாமா மட்டும் துளிர்க்கவில்லை. ஆகவே நார்னிய மண் எதையும் ஏற்கும், பேராசையை மட்டும் ஏற்காது என்பது சித்தாந்தம்.

விளக்கின் ஆயுளையும் கணித்துவிடலாம். லூயிஸ் வகுத்த காலக்கணக்கின்படி சிருஷ்டி நடந்தது நம் 1900-ஆம் ஆண்டு. லூசி அலமாரிக்குள் நுழைந்தது 1940. நமக்கு நாற்பது ஆண்டு கழிவதற்குள் அங்கே ஆயிரம் ஆண்டு கழிந்துவிடுகின்றது. எண்ணெயில்லாமல், ஏற்றுவாரில்லாமல், வரிப்பணத்தில் ஒரு காசும் செலவில்லாமல் ஆயிரம் ஆண்டு எரிந்த தெருவிளக்கு ஒன்று உண்டென்பதை நகராட்சி அங்கத்தினர்கள் கவனிப்பார்களாக.

இனி, கதையில் முந்தியும் அச்சில் பிந்தியும் வந்த இந்த ஆறாம் நூலைப் படிக்கவேண்டிய இடம் எது என்னும் பிரதான விஷயத்துக்கு வருவோம். 1957-இல் ஓர் அமெரிக்கச் சிறுவன், கதை நிகழும் கால வரிசையிலேயே நூல்களைப் படிக்கவேண்டும் என்று கருத, அவன் தாயார் வெளிவந்த வரிசையே சரி என்று கருத, வழக்கு ஆசிரியரிடமே போயிற்று. லூயிஸ் சற்றே பையன் பக்கம் சாய்ந்தார். வரிசை அத்தனை முக்கியமில்லாமலும் இருக்கலாம் என்று ஒரு தப்பும் வழியையும் வைத்துக்கொண்டார். 1994-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஆறாம் நூலுக்கு முதல் எண்ணைக் கொடுத்துப் பையனை ஜெயிக்கச் செய்தார்கள். அந்த வரிசையில் படிக்கும் குழந்தைக்குப் பனிக்காட்டு விளக்கு பழைய சிநேகிதன்; அலமாரி எந்த மரத்தில் செய்தது என்பதும் முன்பே தெரிந்த சங்கதி. வியப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் லூசி ஒருத்தி மட்டும் வியந்துகொண்டு நிற்பாள். விடையை முன்னே கற்றவனுக்கு வினா உதிப்பதில்லை. பின்வந்த நூலின் பெருமையெல்லாம் அது பின்னால் வந்ததில்தான் இருக்கிறது.

ஆதலால் ஆசிரியரும் பதிப்பாளரும் ஒருபுறம் நிற்க, இந்த விசாரணை அந்தத் தாயாரின் பக்கமே தீர்ப்பளிக்கிறது. குழந்தைகளுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் பெரியோர்கள், அதன் முதுகில் எந்த எண் அச்சாகியிருந்தாலும், ஆறாவதை ஆறாவதாகவே கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.