ஏறாமை: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் செயலிகள் ஏறாமல் நிற்பது குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கொல்லாமைக்கு ஒன்று, வெகுளாமைக்கு ஒன்று. 133 அதிகாரங்களில் ஏறாமைக்கு மட்டும் இடம் தரவில்லை. கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு முற்பகலைக் கழித்தவர் யாரும் அவர் காலத்தில் இல்லை. அந்தக் குறையை நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நில எல்லை: ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சுமார் 12 கிலோமீட்டர். கால எல்லை: ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றின் காலைப் பலகாரம் முதல் மாலைக் காப்பி வரை. ஆய்வுக்கு உட்பட்டோர் இருவர். ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை, எனக்கு அத்தை. மாதிரியின் அளவு சிறிது என்று குறைப்படுவோர் இவ்விருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சமாளித்துப் பார்க்கலாம்.

ஆய்வைத் தூண்டியது பெரியப்பாவின் உயிர்வாழ் சான்று. ஓய்வூதியர்கள் தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை மெய்ப்பிக்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று 2014 நவம்பரில் வந்தது. 2021 நவம்பரிலிருந்து வீட்டில் உட்கார்ந்தே முகத்தைக் காட்டிச் சான்று பெறலாம். அதற்குச் சான்றுக்கு ஒன்றும் முகத்துக்கு ஒன்றுமாக இரண்டு செயலிகள் வேண்டும். முதலாவதைப் போட்டதுமே, போதிய இடம் இல்லை என்று பெரியப்பாவின் கைப்பேசி சொல்லிவிட்டது.

“ஏய்யா, நான் உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்கு இதுல இடம் இல்லையாம்ல!” என்றார்.

2. சொல்லாராய்ச்சி

இவ்வட்டாரத்தில் செயலியை யாரும் நிறுவுவதில்லை, ஏற்றுகிறார்கள். நூல் மூட்டையை லாரியில் ஏற்றுவது போல. ஆகவே அது நிறுவப்படாமல் போவதும் இல்லை; ‘ஏற மாட்டேங்குது’. பழியில் பாதி இங்கேயே செயலியின் தலையில் விழுந்துவிடுகிறது. புதுப்பித்தலோ இன்னும் நுட்பமானது. ‘போன் அப்டேட் கேக்குது’ என்பார்கள், பேரன் பலூன் கேட்பது போல. கொடுக்கும்வரை அது ஓயாது. கொடுத்த மறுவாரம் வேறொன்று கேட்கும்.

‘ஆப்’ என்பதுடன் தமிழ் இயல்புக்கு ஏற்ப ஓர் உகரம் சேர்த்தால் கிடைப்பது ஆப்பு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

3. வழுக்களின் வகைப்பாடு

பிழைகளை எண்களால் வகைப்படுத்துவது மேலைநாட்டு வழக்கம். 495 என்றும் 941 என்றும் திரையில் வருபவை பெரியப்பாவுக்குச் சர்வே எண்களாகவே படுகின்றன. நம்மிடம் அதைவிட நல்ல ஏற்பாடு உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் வழுக்களை ஏழாகப் பகுத்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. செயலிப் பிழைகள் யாவும் இந்த ஏழுக்குள் அடங்கிவிடுகின்றன.

இடவழு: இடம் போதாமை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 50 எம்பி செயலியைப் புதுப்பிக்க 50 எம்பி இடம் போதாது. புதியது வந்து சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, விரிந்து உட்காரும்வரை பழையது நகராது. பழைய பீரோவை வெளியே எடுக்காமல் புதிய பீரோவை அதே அறைக்குள் கொண்டுவருவதற்கு ஒப்பானது இது.

காலவழு: கைப்பேசியின் தேதி தவறியிருத்தல். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கருவியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே போனால் இணைப்பு கூடாது. பஞ்சாங்கம் பிசகினால் முகூர்த்தம் இல்லை. ‘தானியங்கித் தேதி, நேரம்’ என்பதை இயக்கினால் தீரும்.

வினாவழு: கேட்கக் கூடாததைக் கேட்டல். டார்ச் அடிக்கும் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்பது இதன்பாற்படும். விடைவழு: கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் தருதல். ‘ஏன் ஏறவில்லை?’ என்பதற்கு ‘டிஎஃப்-டிஎஃப்இஆர்எச்-01’ என்று சொல்வது. செயலிகளை வாங்கும் பிளே ஸ்டோர் என்ற கடைச் செயலியின் கேஷைத் துடைத்தால் இது பெரும்பாலும் போய்விடும் என்று செல்போன் கடைத் தம்பி சொன்னார். ‘கேஷ் கிளியர் பண்ணணும்’ என்று அவர் சொன்னதும் பெரியப்பா சட்டைப் பையில் கைவிட்டு ‘எவ்வளவு?’ என்றார். துடைப்பதற்குக் காசில்லை; படங்களும் போகாது. ஆனால் ‘தரவை அழி’ என்று பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் இருக்கும். மற்றச் செயலிகளில் அதை ஒரு கை பார்த்தவர்கள் பிற்பாடு அழுதிருக்கிறார்கள்.

திணைவழு: உங்கள் கருவி இப்பதிப்புக்குப் பொருந்தாது என்று வருவது. புதிய கருவிகள் உயர்திணை, பழையவை அஃறிணை. வாட்ஸ்அப் 2021 நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 4.0.4-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஆதரவை நிறுத்தியது. அன்று உயர்திணையிலிருந்து இறங்கிய பேசிகள் பல வீடுகளில் இன்று அலாரமாக வாழ்கின்றன.

மரபுவழு: வந்த வழி சரியில்லாமை. செயலி ஒவ்வொன்றுக்கும் உருவாக்கியவரின் மின்கையொப்பம் உண்டு. பழையதன் மேல் வேறு கையொப்பமுள்ள புதியது ஏறாது. கடைக்கு வெளியிலிருந்து வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைக் கண்டால் கைப்பேசி குரைக்கும். இங்கே ராஜபாளையம் நாயை நினைவுகூர்வது பொருந்தும். 2005-இல் அஞ்சல்தலையிலேயே ஏறிய அந்த வெள்ளை நாய் முன்பின் தெரியாதவரை வாசல் தாண்ட விடாது. 2024-இல் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்புகளை அனுப்பிப் பணம் பறித்தார்கள். காவல்துறையினர் எச்சரிக்க வேண்டிவந்தது. கைப்பேசி குரைத்த பிறகும் ‘அனுமதி’யை அழுத்துவது, நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குப் பாய் விரிப்பதுதான். விரித்துவிட்டவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

பால்வழு: இதுவே ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. 2009-இல் கப்கேக் தொடங்கி ஆண்ட்ராய்டுப் பதிப்புகளுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் தின்பண்டப் பெயர்கள் வைத்துவந்தார்கள். ‘என்’ எழுத்து வந்தபோது கேரளத்தார் நெய்யப்பத்துக்காகக் கொடி பிடித்தார்கள். 2016-இல் நூகட் வென்றது. ‘பி’யின் முறை 2018-இல் வந்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமை நாற்காலியில் இருந்தார். அந்த ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போய்வரும் தூரந்தான். இருந்தும் பெயர் பை என்று அமைந்தது; பால்கோவா அமையவில்லை. மறு ஆண்டே, 2019-இல், ஆண்ட்ராய்டு 10-உடன் தின்பண்டப் பெயர் வைக்கும் வழக்கத்தைக் கூகுள் கைவிட்டது. அதே 2019-இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைத் தற்செயல் என்பவர்கள் ஆய்வாளர்கள் அல்லர்.

4. இரு பள்ளிகள்

தீர்வு குறித்து இவ்வட்டாரத்தில் இரு சிந்தனைப் பள்ளிகள் நிலவுகின்றன.

ராஜபாளையப் பள்ளி பஞ்சாலை மரபில் வந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள்தொட்டு இயந்திரத்தோடு பழகிய ஊர் இது. நின்றால் நிறுத்து, கழற்று, துடை, திரும்பப் பூட்டு. அணைத்துப் போடுதல், செயலியை நீக்கி மறுபடி ஏற்றுதல் ஆகியவை இதன் அனுட்டானங்கள். பெரியப்பா இப்பள்ளியின் மூத்தவர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி அடுப்படியில் பிறந்தது. பாலும் சர்க்கரையும் சட்டியில் இருக்கின்றன. கிண்டிக்கொண்டே இருந்தால் பதம் தானாக வரும். அத்தையின் கட்சி இது. “சுத்திக்கிட்டு இருந்தா சுத்தட்டும், அண்ணே. தேர் நின்னா தேரையா வித்துருவோம்?” என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ‘நிலுவையில்’ என்று நிற்கும் செயலி பல நேரம் வரிசையில்தான் நிற்கிறது. முன்னால் ஏழெட்டுச் செயலிகள் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அல்லது வைஃபை கிடைத்தால்தான் ஏறுவேன் என்று அமைப்பில் சொல்லியிருக்கும்.

வைணவம் இந்த வழக்கை எப்போதோ பேசி முடித்தது. தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியின் வழி மர்க்கட நியாயம். தாயே வாயில் கவ்விப் போக, சும்மா கிடக்கும் பூனைக் குட்டியின் வழி மார்ஜார நியாயம். கையால் புதுப்பிப்பவர் குரங்கு வழியார்; தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவிட்டுத் தூங்குபவர் பூனை வழியார். 2021 மார்ச் 22–23-இல் வெப்வியூ என்ற உள்ளுறுப்பின் புதுப்பிப்பு ஒன்று பிசகி, உலகெங்கும் ஜிமெயில் உட்பட எத்தனையோ செயலிகள் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டன. தாய்ப்பூனை குட்டியை நழுவவிட்ட நாள் அது. புதுப்பிக்காமல் கிடந்தவர்கள் தப்பித்தார்கள். அவர்களுக்கு வைணவத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

5. கள ஆய்வு

சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தோம். இடத்தைத் தின்றது செயலிகள் அல்ல. காலை வணக்கங்கள். ரோஜாவுடன், தேநீர்க் கோப்பையுடன், முருகனுடன். இது உள்ளூர் நோய் அன்று. இந்தியக் கைப்பேசிகள் காலை வணக்கங்களால் நிரம்புவதைக் கண்டு, அவற்றைத் தேடிக் களையும் வசதியுடன் ஃபைல்ஸ் கோ என்ற செயலியைக் கூகுள் 2017 டிசம்பரில் வெளியிட்டது.

“அழிச்சிரலாமா, பெரியப்பா?”

“புளோ ரூம்ல குப்பையை எடுக்காம கார்டிங்குக்குப் பஞ்சு போகாதுய்யா. கழிவு எடுக்காம நூல் ஏது? அழி.”

முப்பது ஆண்டு கழிவு எடுத்த கை. ஆனால் முதல் படத்திலேயே என் விரலைப் பிடித்துக்கொண்டார். “இது கார்டிங்ல என்கூட இருந்தவரு அனுப்புனது. அவரு போயி மூணு வருஷம் ஆச்சு.” படத்தில் ஒரு சூரியகாந்தி. அவர் அனுப்பியவை மட்டும் முந்நூற்றுச் சொச்சம். கடைசியாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு விடைகொடுத்தார். அதன்பின் வேலை வேகமாக நடந்தது, ஆண்டாள் தேர் வரும்வரை. ஒவ்வோர் ஆடிப்பூரத்துக்கும் அத்தை எடுத்து அனுப்பிய காணொளி. அதையே ஒன்பது குழுக்கள் திருப்பி அனுப்பிய பிரதிகள்.

“தேரை அழிக்கச் சொல்லுதியா?”

பிரதிகள் போயின, தேர் நின்றது. இடம் கிடைத்தது. இரண்டு செயலிகளும் ஏறின. முகத்தைக் காட்டச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. மில்லில் சூப்பர்வைசர் முன்னால்கூடச் சிமிட்டாத பெரியப்பா சிமிட்டினார். அவர் உயிரோடு இருப்பது உறுதியானது; இன்னும் ஓராண்டுக்குச் செல்லும்.

இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: ஏறாமைக்குக் காரணம் பெரும்பாலும் கருவியன்று, கழியாமை. வள்ளுவர் அதற்கும் அதிகாரம் வைக்கவில்லை.

6. முடிவுரை: வழுவமைதி

நன்னூல் வழுவோடு நிற்பதில்லை. வழுவமைதி என்றும் ஒன்று சொல்கிறது. பசு வருவதைப் பார்த்து மகிழ்ச்சியில் ‘அம்மா வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது திணைவழுதான். ஆனாலும் உவப்பு காரணமாக இலக்கணம் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

மறுவாரம் ஆடிப்பூரம் வந்தது. அத்தை இந்த ஆண்டுத் தேரைப் புதிய கைப்பேசியில், முன்னைவிடத் துல்லியமாக எடுத்து அனுப்பினார். அண்ணனின் பேசியில் அது இறங்கவில்லை. போதிய இடம் இல்லை. பெரியப்பா என்னைக் கூப்பிடவில்லை. தாமே சேமிப்பகத்தைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆராய்ந்து, உயிர்வாழ் சான்றுக்காக ஏற்றிய இரண்டு செயலிகளையும் நீக்கினார். தேர் இறங்கியது.

செய்தியறிந்து நான் பதறினேன். அவர் வடத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “உசுரோட இருக்கேன்னுதான் சொல்லியாச்சுல்ல. இன்னும் எதுக்குய்யா அது இடத்த அடைச்சிக்கிட்டு?”